மலைக்குப் பனி, நமக்குக் கடல்

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கல்லூரி மாணவர்களுக்கான தேசியப் பனிச்சறுக்குப் போட்டி நடைபெறுகிறது. 1954ஆம் ஆண்டு நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த ரீனோ நகரில் அது முதன்முதலாக நடந்தபோது டென்வர் பல்கலைக்கழகம் வெற்றி பெற்றது. இன்று வரை மிக அதிக முறை கோப்பையை வென்றிருப்பதும் அதே பல்கலைக்கழகந்தான். மலைச் சரிவில் நட்டு வைத்த கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது ஒரு வகைப் போட்டி. மேடும் பள்ளமுமான பனிவெளியில் பல கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே விரைவது மற்றொரு வகை. இரண்டிலும் மாணவரும் பங்கு பெறுகின்றனர், மாணவியரும் பங்கு பெறுகின்றனர்.

அந்தப் போட்டியில் நம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டு முதல் மாணவர் பெறும் புள்ளிகளையும் மாணவியர் பெறும் புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டி, கல்லூரிக்கு ஒரே கோப்பை வழங்குகிறார்கள். ஆகவே பெண்களுக்குப் பயிற்சி அளிக்காத கல்லூரி, ஆண்களை எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும் கோப்பையை வெல்ல முடியாது. பெண்களை முன்னேற்ற வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. பேச்சை விடுத்து, கணக்கிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள் அவர்கள்!

சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகும் செங்கற்பட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவானேன் என்று அருட்சகோதரிகளும் பெற்றோர்களும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம்மில் யாரும் பனியைக் கண்ணால் கண்டதில்லை. குளிர்பதனப் பெட்டியில் படியும் பனிக்கட்டியே நாம் அறிந்த பனி. ஆயினும் அந்தப் போட்டியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. அந்த மாணவியர் தங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் மலையைக் கண்டு அஞ்சி வீட்டுக்குள் அமர்ந்துவிடவில்லை. மலை ஆபத்தானதுதான். அங்கே பனிப்பாறை சரிவதுண்டு, கால் எலும்பு முறிவதுண்டு. அதனால்தான் அவர்களுடைய பெரியவர்கள் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள், தலைக்கவசம் அணிவித்தார்கள், விதிகள் வகுத்தார்கள், போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள். அச்சத்தைப் போக்குவதற்கு அறிவைக் கருவியாக்கினார்கள்.

நம் பாரத நாட்டிலும் மலையோரத்துப் பெண்கள் இப்படி முன்வந்திருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் பனிச்சறுக்கில் கலந்துகொண்டார். குளிர்கால ஒலிம்பிக்கிற்குச் சென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 2018ஆம் ஆண்டு மணாலியை அடுத்த புருவா கிராமத்தைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர், துருக்கி நாட்டில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2020 முதல் காஷ்மீரத்தின் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்து வருகின்றன. பனியே விழாத குடகு நாட்டில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்னும் பெண்மணியும் அங்கே சென்று பதக்கங்கள் வென்றிருக்கிறார். தென்னாட்டுப் பெண்ணால் முடியாதது என்று ஒன்று உண்டா?

இருந்தாலும், நாம் எல்லோரும் குல்மார்க்கிற்குப் போக முடியாது. போகத் தேவையும் இல்லை. மலைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இறைவன் பனியைக் கொடுத்தார். நமக்குக் கடலைக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மாமல்லபுரத்துக் கடற்கரை வந்துவிடும். அந்தக் கடலை நாம் என்ன செய்கிறோம்? உல்லாசப் பயணம் சென்றால் கற்கோயிலின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். கணுக்கால் நனையும் வரை நிற்கிறோம். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுகிறோம்.

பனிச்சறுக்கிற்கு உடன்பிறந்த விளையாட்டு ஒன்று உண்டு. அதுதான் அலைச்சறுக்கு. பனிச்சறுக்கில் மலை அசையாமல் இருக்கும், வீரர் இறங்குவார். அலைச்சறுக்கில் மலையே நகர்ந்து வரும்! ஆழ்கடலிலிருந்து வரும் அலை கரையை நெருங்கும்போது தரை மேடாவதால் அதன் அடிப்பகுதியின் வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு எழுந்து, சரிவாக நின்று, பிறகு நுரையாக உடைகிறது. உடைவதற்கு முன் உள்ள அந்தச் சரிவில் பலகையின் மேல் நின்று சறுக்குவதே இவ்விளையாட்டு. புவியீர்ப்பு விசை, மிதப்பு விசை, சமநிலை என்று அறிவியல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்பவை எல்லாம் அங்கே காலடியில் இருக்கின்றன.

இவ்விளையாட்டு ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. ஒலிம்பிக் நீச்சல் வீரரான டியூக் கஹானமோகு 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று அதை மக்களுக்குச் செய்து காட்டினார். 1915இன் தொடக்கத்தில் சிட்னி அருகே அவருடைய பலகையில் உடன் நின்று அலைமேல் சென்றவர் இசபெல் லெதம் என்னும் பெண். அப்போது அவருக்கு வயது 15. அதாவது நம் வயது! பிற்காலத்தில் அவர் நீச்சல் ஆசிரியையாகிப் பலருக்கும் நீந்தக் கற்றுக்கொடுத்தார். 2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான முதல் தங்கத்தை ஹவாயைச் சேர்ந்த கரிசா மூர் வென்றார்.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என்று தள்ள வேண்டாம். நம் கடற்கரையைப் பார்ப்போம். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர், அருண் வாசு அவர்களின் துணையோடு 2012ஆம் ஆண்டு அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்பது அங்கே பயில வரும் இளைஞர்களுக்கு அவர் வைத்த கட்டுப்பாடு. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கிருந்து தேசிய வீரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் உயர்ந்தனர். கோவளத்துக் கடற்கரைக்குத் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் அடையாளமான நீலக்கொடிச் சான்றிதழ் 2021இல் கிடைத்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இந்தியாவில் முதன்முறையாக நடந்தது. நடந்த இடம் வேறெங்கும் இல்லை, நமது மாமல்லபுரந்தான். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவரே.

பெண்களும் இல்லாமல் இல்லை. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த கமலி என்னும் சிறுமி சக்கரப் பலகையில் சறுக்குவதையும், அவளுக்குத் துணை நின்ற தாயையும் பற்றி எடுக்கப்பட்ட 'கமலி' என்னும் குறும்படம், 2020ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு விருதை வென்ற குறும்படம் காபூல் நகரத்துச் சிறுமியர் சக்கரப் பலகை பழகுவதைப் பற்றியது என்பது இன்னும் வியப்பு. கமலி இன்று அலைச்சறுக்கு வீராங்கனையாகவும் விளங்குகிறார். நம் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கும் பெண்ணை இலண்டனில் இருப்பவர்கள் அறிந்திருக்கிறார்கள். நம் வகுப்பில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

இங்கேதான் நாம் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி வருகிறது. நம் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கொளவாய் ஏரி நிறைந்து நிற்கும் ஊரில் வாழ்கிறோம். பாலாறு பக்கத்தில் ஓடுகிறது. கடல் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஆயினும் நமக்கு நீந்தத் தெரியாது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியரைக் கேட்டால், அவர்கள் சொல்லும் கதையும் ஒன்றே. பத்து வயது வரை தம்பியோடு சேர்ந்து கடலில் விழுந்து புரண்டவர்கள்தாம் அவர்கள். வயதுக்கு வந்த பிறகு கரையோடு சரி. தம்பி இன்றும் கடலுக்குள் போகிறான், அக்கா கரையில் நின்று அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பிடித்து வரும் மீனை ஏலம் எடுப்பது அம்மா, கூடையில் சுமப்பது அம்மா, விற்றுக் குடும்பம் நடத்துவதும் அம்மா. ஆனால் அந்தக் கடலில் மிதக்க அம்மாவுக்குத் தெரியாது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல, உயிர்ப் பிரச்சினை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. அப்போது நாம் பிறக்கவில்லை. ஆனால் நம் பெற்றோர் அதை மறக்கவில்லை. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையில் கடலூரின் கணக்கு ஒன்று இருக்கிறது. இறந்த ஆண்கள் 146 பேர், இறந்த பெண்கள் 391 பேர். ஏன் இந்த வேறுபாடு? அந்நேரத்தில் ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தனர். அங்கே அந்த அலை படகைக் கவிழ்க்கும் அளவுக்கு எழவில்லை. பெண்களோ மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். ஓடும்போதும் கையில் பிள்ளை. நீந்தத் தெரிந்த பெண்கள் மிகச் சிலர். ஆழிப்பேரலையில் நீச்சல் தெரிந்த எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நீரைக் கண்டதும் கை கால் உதறத் தெரிந்தவளுக்கும், முதன்முறையாக நீரில் விழுகிறவளுக்கும் வேறுபாடு இல்லையா? 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பேரலை வரவேண்டும் என்பதில்லை, ஒரு குளமே போதும்.

இனி, பெற்றோர்கள் சொல்லும் தடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதல் தடை, கடல் ஆபத்து என்பது. ஆம், ஆபத்துதான். மாமல்லபுரத்துக் கடல் பல உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. ஆனால் கடலை அறிந்தவர்களைவிட அறியாதவர்களையே அது எளிதாகக் கொண்டு போகிறது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கிக்கொண்டவர், அஞ்சிக் கரையை நோக்கி நேராக நீந்த முயன்றால் களைத்து மூழ்கிப்போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இது அலைச்சறுக்குப் பயில்வோருக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம். சுற்றுலா போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டிய இந்தப் பாடத்தை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கடலுக்குப் போகாதே என்று மட்டும்தான் சொன்னார்கள்.

இரண்டாவது தடை, உடை. இதைப் பற்றிக் கவலை வேண்டாம். கடல் வெயிலிலிருந்து தோலைக் காக்க, கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடிய மேற்சட்டையும் முழு நீளக் காற்சட்டையும் அணிந்து பயிலலாம். அப்படி அணிந்து பயில்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் உடற்பயிற்சிச் சீருடையைவிட அது எந்த வகையிலும் அடக்கம் குறைந்ததல்ல.

மூன்றாவது தடை, நிறம் கறுத்துவிடும் என்பது. பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று பாட்டிமார் கவலைப்படுகிறார்கள். பாட்டிமாரிடம் நமக்கு மிகுந்த அன்பு உண்டு. ஆனால் பதினைந்து வயதில் நாம் எதைக் கற்கலாம், எதைக் கற்கக்கூடாது என்பதை, என்றோ ஒரு நாள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகப்போகிற அந்நியர்கள் தீர்மானிக்கலாமா?

நான்காவது தடை, படிப்பு. பத்தாம் வகுப்பு என்றாலே விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிடுகிறது. கோ-கோவும் எறிபந்தும் ஒன்பதாம் வகுப்போடு விடைபெற்றுக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி மாணவர் அலைச்சறுக்குச் சங்கம் ஒன்று, பாடத்தில் போதிய மதிப்பெண் பெற்றவர்களையே போட்டியில் சேர்த்துக்கொள்வது என்று விதி செய்தது. அதனால் அலைமேல் ஏற ஆசைப்பட்ட பிள்ளைகள் புத்தகத்தையும் எடுத்தார்கள். நம் கடற்கரையில் பழகுவதற்கு ஏற்ற அலைகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வருகின்றன. பொதுத்தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் காலம் அதுவேதான். வாடைக்காற்றும் மழையும் கடலைக் கலக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாம் வகுப்பறையில் இருக்கலாம். இயற்கையே நமக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஐந்தாவது தடை, செலவு. இது மட்டும் உண்மையான தடை என்று ஒப்புக்கொள்கிறோம். பலகையின் விலை அதிகம். ஆனால் ஒரு பலகையை ஒரே நாளில் பத்துப் பேர் முறை வைத்துப் பழகலாம். பள்ளிக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கும்போது மாணவிக்கு ஒன்று என்றா வாங்குகிறோம்? மேலும் நீச்சலுக்குப் பலகையே தேவையில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவியும் நீரில் மிதக்கவும், குறைந்தது 50 மீட்டர் நீந்தவும் கற்றிருக்க வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை கோடை விடுமுறையில் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ, உயிர்காப்பாளர்களும் பெண் பயிற்சியாளர்களும் உடனிருக்க, சில நாள் கடற்பயிற்சி முகாம் நடத்த வேண்டும். கடலின் குணத்தையும் காற்றின் திசையையும் கட்டுமரக்காரர்களைவிட நன்றாகச் சொல்லித்தர யாரால் முடியும்? நம் தோழியரின் தந்தைமாரே நமக்கு ஆசிரியர்களாக வரட்டும். மூன்றாவது, செங்கற்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்கிடையே அலைச்சறுக்கு, நீச்சல் போட்டி ஒன்று ஏற்படுத்த வேண்டும். அதில் அந்த அமெரிக்கக் கல்லூரிகளின் விதியையே பின்பற்ற வேண்டும். மாணவர் புள்ளியும் மாணவியர் புள்ளியும் கூட்டி ஒரே கோப்பை. நம்மைப் போன்ற பெண்கள் பள்ளி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஊரிலுள்ள ஆண்கள் பள்ளியோடு இணைந்து ஓர் அணியாகட்டும். அப்போது நாம் நன்றாக நீந்த வேண்டும் என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரும் கவலைப்படுவார், நம் தலைமைச் சகோதரியும் கவலைப்படுவார்!

இது நடக்கிற காரியமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. நம் வைஷாலியும் அந்த அணியில் இருந்தார். அதன் பிறகு நம் பள்ளியில் மதிய இடைவேளையில் சதுரங்கப் பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடத் தொடங்கியது. ஒரு பெரிய போட்டி நம் வாசலுக்கு வந்தால், அதன் பின்னே பள்ளிகளும் எழ வேண்டும். சதுரங்கத்துக்கு எழுந்தோம். 2025இல் கடல் விளையாட்டும் அதே வாசலுக்கு வந்து போயிற்று. அதற்கு மட்டும் எழாமல் இருக்கலாமா?

நம் ஆண்டவர் தம் முதல் சீடர்களைக் கடற்கரையில்தான் தேடிக் கண்டார். படகிலிருந்த பேதுரு தண்ணீரின் மேல் நடந்து வர விரும்பியபோது, வேண்டாம், ஆபத்து, படகிலேயே இரு என்று அவர் சொல்லவில்லை. வா என்றே அழைத்தார். பேதுரு அஞ்சி அமிழ்ந்தபோது கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அழைத்ததும் அவரே, காத்ததும் அவரே. அன்புள்ள பெற்றோர்களே, மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, உங்களிடம் நாங்கள் கேட்பதும் அந்த இரண்டுமே. எங்களை வா என்று அழையுங்கள், அமிழ்ந்தால் பிடித்துக்கொள்ளக் கை நீட்டி நில்லுங்கள்.

கடலின் விண்மீன் என்று நாம் நாள்தோறும் வணங்கும் அன்னை, கரையில் நிற்பவர்களுக்கு மட்டும் வழிகாட்டும் விண்மீன் அல்லள். கடலுக்குள் செல்பவர்களுக்கே அவள் ஒளி அதிகம் தேவை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். பதினைந்தில் இருக்கிறோம், இன்னும் காலம் கடந்துவிடவில்லை. தோழியரே, வரும் கோடையில் நீந்தக் கற்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு